பன்னிரண்டாவது துணி

என் அத்தை ஹெப்சிபா நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கோயிலில் பிரசங்கம் நடக்கும்போதுகூட வாசலோரத்துப் பெஞ்சின் நுனியில்தான் ஒட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே போய் வருவாள். சோற்றை நின்றுகொண்டே தின்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய தம்பி, அதாவது என் அப்பா தேவசிகாமணி, கேலி செய்வார். அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. உட்கார்ந்தே பென்ஷன் வரைக்கும் வந்து சேர்ந்தவர். அவருக்கென்ன, கேலி செய்யலாம். வீட்டில் அவளோடு இருந்த எங்களுக்கு அல்லவா தெரியும்! மேசையில் கரண்டிகளை எண்ணுவாள். கொடியில் துணிகளை எண்ணுவாள். எண்ணி முடித்துவிட்டு, சந்தேகம் வந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தன் எழுபதாவது வயதில், அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்றபடி, அவளே சொன்னாள். சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அத்தைக்கு எத்தனையோ குறைகள் உண்டு. தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் குறை மட்டும் கிடையாது.

அவள் புருஷன் அப்பாத்துரை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமான மூன்றாம் வருஷம் காலராவில் போய்விட்டார். பிள்ளை இல்லை. இருபத்துமூன்று வயதில் வெள்ளைச் சேலையோடு பாளையங்கோட்டைக்கு வந்து, பெண்களுக்கென்று இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அதன் பெயர் வேண்டாம். இன்றைக்கு அந்தக் கட்டிடமும் கிடையாது. முதலில் தரை துடைத்தாள். பிறகு கட்டுப் போட்டாள். பதினைந்து வருஷத்தில் ஆப்பரேஷன் அறைக்குள் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அறைக்குள் அவளுடைய பொறுப்பு துணி. மல் துணியை முழத்துக்கு முழம் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, தேக்சாவில் கொதிக்கவைத்து, தட்டில் பன்னிரண்டாக அடுக்கிவைக்க வேண்டும். வயிற்றைத் திறந்தால் இரத்தத்தை ஒற்றி எடுக்கவும் குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் அந்தத் துணிகள்தான். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் டாக்டர் எண்ணிக்கை கேட்பார். தட்டில் இருந்த பன்னிரண்டும் கணக்குக்கு வந்தாக வேண்டும். இரத்தத்தில் ஊறிய துணியையும் குடலையும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டாக்டர் ஒரு வெள்ளைக்காரி, கல்யாணமாகாதவர். எல்லாரும் மிஸ்ஸியம்மா என்று கூப்பிடுவார்கள். வேதாகமத்தை வைத்துத் தமிழ் படித்தவர் ஆனதால், மலச்சிக்கலைப் பற்றிப் பேசினாலும் தீர்க்கதரிசி பேசுவதுபோலவே இருக்குமாம்.

1911 மாசி மாதம் ஆபிதா பீவி அங்கே வந்தாள். பத்தமடைக்காரி, முப்பது வயது, கோரைப்பாய் நெய்பவள். புருஷன் பீர் மைதீன் அந்தப் பாய்களைச் சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டுபோய் விற்பவர். பன்னிரண்டு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து வயிறு பெருக்க ஆரம்பித்ததும் வீடே கொண்டாடியிருக்கிறது. ஏழாம் மாதம் என்று உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவந்தார்கள். பத்தாம் மாதம் போயிற்று. பன்னிரண்டாம் மாதமும் போயிற்று. பதினாலாம் மாதம் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மிஸ்ஸியம்மா கைவைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை இல்லை, சினைப்பையில் கட்டி, நீர் கோத்திருக்கிறது, எடுக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார். ஆபிதா அழவில்லை. அவளோடு துணைக்கு வந்த அக்காள் அலிமா பீவிதான் இருவருக்கும் சேர்த்து அழுதாள்.

பீர் மைதீன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அம்மா, எடுக்கதத் தூரப் போட்டுராதிய. எங்க கையில குடுத்துருங்க. உடம்புல இருந்து வந்தது எதுவா இருந்தாலும் மண்ணுக்குள்ளதான் வைக்கணும்."

மிஸ்ஸியம்மா சரி என்றார்.

மறுநாள் காலையில் குளோரோபாம் கொடுத்து வயிற்றைத் திறந்தார்கள். இரண்டு குடம் நீர் வந்தது. பிறகு கட்டி வந்தது, சுருங்கிப்போன தோற்பை மாதிரி. அதை எனாமல் பேசினில் போட்டு, வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் மிஸ்ஸியம்மா. அத்தை வாசலுக்குப் போய் பீர் மைதீனிடம் கொடுத்தாள். கொடுத்த கையோடு உள்ளேயிருந்து, "ஹெப்சிபா! ஹெப்சிபா!" என்று அலறல். ஓடிவந்து பார்த்தால் ஆபிதாவுக்கு மூச்சு நின்றிருந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. நாக்கை இழுத்துப் பிடிக்க ஒருத்தி, கையைத் தூக்கித் தூக்கி அமுக்க ஒருத்தி. யார் என்ன செய்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. அப்புறம் இன்னொன்று.

"சீக்கிரமாய்த் தைக்க வேண்டும். எண்ணிக்கை?" என்றார் மிஸ்ஸியம்மா.

அத்தை தட்டையும் வாளியையும் சேர்த்து எண்ணினாள். பதினொன்று.

நனைந்த துணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது வழக்கம். எந்த இரண்டோ ஒட்டிக்கிடக்கிறது, பைய பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மேசையில் கிடப்பவளுக்கு அடுத்த மூச்சு வருமா வராதா என்கிற நேரத்தில், நில்லுங்கள், இன்னொருமுறை எண்ணுகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சரியா இருக்கு, மிஸ்ஸியம்மா" என்றாள். வயிறு மூடப்பட்டது.

கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து ஒவ்வொரு துணியாக அலசிப் பிரித்தாள். பதினொன்று. மேசைக்கு அடியில் தேடினாள், கதவிடுக்கில் தேடினாள், தன் சேலை மடிப்பைக்கூட உதறிப் பார்த்தாள். பதினொன்றுதான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் உட்காராத அந்த நடையும் எண்ணுகிற அந்தப் பழக்கமும்.

இரண்டு நாள் ஆபிதா நன்றாகத்தான் இருந்தாள். வலிக்கு மார்பியா ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலத்தோடு மிஸ்ஸியம்மா ஊசியை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் வயிறு உப்ப ஆரம்பித்தது. நாலாம் நாள் காலையில் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு விறைத்துக்கொண்டது. விக்கல் வந்தது. குடித்த வெந்நீர் பச்சையாக வாந்தியில் வந்தது. டர்பன்டைன் எண்ணெய் கலந்து எனிமா கொடுத்தார்கள். போன மாதிரியே திரும்பி வந்தது. மணிக்கொருதரம் அத்தை கட்டிலுக்குப் போய்க் குனிந்து, காற்றுப் பிரிந்ததா என்று கேட்பாள். எட்டுப் பெண்கள் படுத்திருந்த அறையில் அப்படிக் கேட்டால் எந்தப் பெண்தான் வாயைத் திறந்து பதில் சொல்வாள்! ஆபிதா கண்ணை மூடிக்கொண்டு இல்லையென்று தலையாட்டுவாள்.

மத்தியானம் மிஸ்ஸியம்மா அத்தையை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "குளோரோபாம் குடலையும் நித்திரை பண்ணுவிக்கும். நம்முடைய கைகள் குடலைத் தொட்டன. தொடப்பட்ட குடல் சிலநாள் அசையாதிருக்கும். மார்பியாவும் அதைக் கட்டிப்போடும். ஆனால் அதை நிறுத்தி இரண்டு நாளாயிற்று. அவள் புரண்டு படுப்பதில்லை, அதுவும் ஒரு காரணம். இவைகளெல்லாம் மெல்ல நீங்கிப்போகும். குடல் எங்கேயாவது முறுக்கிக்கொண்டிருந்தால் நீங்காது. நாளைக் காலைக்குள் வாயு பிரியாவிட்டால் மறுபடியும் திறக்க வேண்டும்."

"தெறந்தா பொழைப்பாளா, மிஸ்ஸியம்மா?"

"அறியேன்."

டாக்டர் அடுக்கிய காரணங்களோடு அத்தை மனசுக்குள் இன்னொரு காரணத்தைச் சேர்த்துக்கொண்டாள். உள்ளே துணி கிடந்தாலும் குடல் இப்படித்தான் செத்தாற்போலக் கிடக்கும். சொல்லிவிட்டால் இன்றைக்கே திறப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை குளோரோபாமில் மூச்சு நின்றவள், நாடி நூலாக ஓடுகிறது, மேசையிலேயே போய்விடுவாள். சொல்லாமல் விட்டு, துணி உள்ளேயே இருந்தால், அப்போதும் போய்விடுவாள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எட்டுவைத்தால் முப்பத்தொன்று. அன்று மத்தியானம் அந்த முப்பத்தொன்றை எத்தனைமுறை நடந்தாள் என்று தெரியாது, பாதத்தில் கொப்புளம் வந்துவிட்டது என்றாள். நாலு மணிக்கு முடிவு பண்ணினாள்: சொல்லிவிட வேண்டியதுதான்.

சொல்லப்போகிற வழியில் ஆபிதாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கட்டிலுக்குப் போனாள். மேற்கு ஜன்னலை வெயிலுக்குச் சாத்தியிருந்தார்கள். கட்டிலடியில் அரை இருட்டு. ஆபிதாவின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். அந்த மங்கல் வெளிச்சத்தில் கண்மணி நன்றாக விரிந்திருக்க வேண்டும். கடுகளவுதான் இருந்தது.

கண்மணி அப்படிச் சுருங்குவதை அத்தை நூறு தடவை பார்த்திருக்கிறாள். மார்பியா போட்டால் அப்படித்தான் ஆகும். ஊசி நிறுத்தித்தான் இரண்டு நாளாகிறதே.

கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்திருந்த அலிமா பீவியை எழுப்பினாள். "நீங்க என்னமும் குடுத்தியளா?"

"நான் என்னத்தக் குடுக்கேன், வெந்நியத் தவிர?"

"பொய் சொல்லாதிய. தங்கச்சி சாவக் கெடக்கா."

அலிமா பீவி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே ஓலைத்துணுக்கில் மடித்துவைத்திருந்த அபினைக் காட்டினாள். "அது படுத பாட்டப் பாக்க முடியல, நர்ஸம்மா. டாக்டரம்மா ஊசி இல்லன்னுட்டாவ. வெத்தலையில வச்சு, நெதம் நாலு வேள. எங்க வீட்டுல சின்னப்புள்ள வயித்த வலிச்சு அழுதாக்கூட இதத்தான் துளியூண்டு குடுப்போம்."

அந்தக் காலத்தில் அபின் கடையில் விற்ற சரக்குதான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போர்வையை விலக்கிப் பார்த்தால் இன்னொன்றும் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல, டாக்டர் பார்த்துவிட்டுப் போனபோதெல்லாம் பழைய சேலையை முறுக்கி ஆபிதாவின் வயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். பெருத்த வயிறு பள்ளமாய்ப் போனால் கட்டத்தானே வேண்டும் என்றாள். பிள்ளை பிறக்கவில்லை என்பதை அவளால் அப்போதும் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது.

அத்தை மிஸ்ஸியம்மாவிடம் ஓடினாள். அபினைச் சொன்னாள், கட்டைச் சொன்னாள். கட்டு அவிழ்க்கப்பட்டது. சுருக்குப்பை பறிமுதல் ஆனது. ஆபிதாவுக்குச் சர்க்கரை இல்லாத கடுங்காப்பி ஸ்பூன் ஸ்பூனாகப் போயிற்று. முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, மணிக்கொருதரம் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தார்கள். விடிந்து ஆறரை மணிக்கு, பக்கத்து வார்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, ஆபிதா பீவிக்குக் காற்றுப் பிரிந்தது. தயங்கித் தயங்கி இல்லை. எட்டுக் கட்டிலுக்கும் கேட்டதாம். ஒரு கிழவி கைதட்டினாள். ஆபிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை ஜெபத்துக்குள் புகுந்து மிஸ்ஸியம்மாவின் காதில் சொல்ல, அவர் முழங்காலில் நின்றபடியே, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று உரக்கச் சொல்ல, என்ன காரியமென்று தெரியாமல் எல்லாரும் ஆமென் போட்டார்கள்.

பிறகு மிஸ்ஸியம்மா அத்தையைத் தனியே கூப்பிட்டுப் பாராட்டினார். "இன்னும் ஏதாகிலும் எனக்குச் சொல்ல வேண்டியதுண்டா?" என்றும் கேட்டார்.

அத்தை, "இல்லை" என்றாள்.

இந்த இடத்தில் அத்தைமேல் எனக்குக் கோபம் உண்டு, இன்றைக்கும். பயந்த நேரத்தில் சொன்ன பொய்யை விட்டுவிடலாம். பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது சொன்ன இந்தப் பொய்யை என்ன செய்வது? கேட்டேன். "வேலை போயிரும்னு பயம். வேலை போனா உங்க அப்பன் வீட்டு அடுக்களைதான். அப்புறம், அவதான் பொழச்சிட்டாளேன்னு நெனச்சேன்" என்றாள். மழுப்பவில்லை.

ஆபிதா ஒரு மாதத்தில் ஊருக்குப் போனாள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, வலது பக்கம் இழுத்துப் பிடிக்கிறது என்றாள். உள்ளே ஆறிய இடத்தில் குடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம், கட்டி எடுத்த பலருக்கு இப்படி உண்டு, கொஞ்சங்கொஞ்சமாய்ச் சாப்பிட்டு நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்து அனுப்பினார் மிஸ்ஸியம்மா. அத்தைக்கு அந்த விளக்கம் செல்லுபடியாகவில்லை. துணி உள்ளே இருந்தாலும் இப்படித்தானே இழுக்கும்? வருஷக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் சீழ்ப்பிடித்து ஆளைக் கொன்றுவிடும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

அதனால் போய்ப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்று மாதத்துக்கு ஒருதரம், லீவு கிடைக்கும் சனிக்கிழமை, திருநெல்வேலியில் ரயில் ஏறிச் சேரன்மகாதேவியில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்துப் பத்தமடை. ஒரு பையில் சுக்கு, ஓமம், பெருங்காயம். வாசலில் நின்றபடியே விசாரணை தொடங்கிவிடும். என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய், வெளிக்குப் போயிற்றா, வலி வலதா இடதா, சுரம் உண்டா? பிறகு அவளைப் பாயில் படுக்கவைத்து வயிற்றை நாலு மூலையிலும் அமுக்கிப் பார்ப்பாள். துணி கையில் தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறாள் என்பது யாருக்குத் தெரியும்?

காரணங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒழித்தாள். கருவாட்டை நிறுத்தினாள். ராத்திரிச் சோற்றைக் கஞ்சியாக்கினாள். நெசவில் உட்கார்ந்தால் பாதியில் எழ வேண்டியிருக்கும் என்று ஆபிதா பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் குணம் தெரிந்தது. எதுவும் முழுசாகத் தீரவில்லை. தீராத அந்த மிச்சத்துக்குத் துணிதான் காரணம் என்று ரயிலில் திரும்பிவரும்போதெல்லாம் நினைப்பாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் உக்காருங்களேன். எப்பப் பாத்தாலும் கால்ல வெந்நி ஊத்திக்கிட்டே நிக்கிய" என்பாள் ஆபிதா.

"ரயிலுக்கு நேரமாச்சு" என்பாள் அத்தை. நர்ஸம்மா என்று கூப்பிட்டவள் எப்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்பதைக்கூட அவள் கவனித்திருக்கவில்லை. கூடப்பிறந்தவள்கூட இப்படி ஓடி ஓடி வந்து பார்க்கமாட்டாள், பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு அக்காள் இருக்கிறாள் என்று ஆபிதா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். தானே நெய்த பாய் ஒன்றை அத்தைக்குக் கொடுத்தாள். மடித்தால் முந்தானையில் முடியலாம், அவ்வளவு மெல்லிசு. அத்தை அதில் ஒருநாளும் படுக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. நடுவில், ஜெர்மன் சண்டை தொடங்கின மறுவருஷம், மிஸ்ஸியம்மா சீமைக்குக் கப்பல் ஏறினார். அத்தை உண்மையைச் சொல்வதற்கென்று இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.

1917 ஆனி மாதக் கடைசியில் பீர் மைதீனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஆபிதாவுக்கு இரண்டு நாளாக வயிறு உப்பி வாந்தி, தாங்கள் கவலைப்படுவீர்கள் என்று எழுதுகிறேன், வேறொன்றுமில்லை என்று இருந்தது. அத்தை கார்டைப் படித்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஆற்றில் இருகரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ரயிலில் அவளுக்கு உட்கார இடம் இருந்தும் வாசற்பக்கம் நின்றே போனாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும், புது டாக்டர் வயிற்றைத் திறக்க வேண்டும், அதற்கு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் இவர்களிடம் சொல்ல வேண்டும். காறித் துப்பட்டும், போலீஸ் கச்சேரிக்குப் போகட்டும். சேரன்மகாதேவி வருவதற்குள் நாலுமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

பத்தமடையில் நோன்பு மாதம். வீட்டில் நுழைந்தால் ஆபிதா தறிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து கோரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். பகல் முழுக்க வெறும் வயிறு, நோன்பு திறந்ததும் வடையையும் கஞ்சியையும் ஒரே மூச்சில் அடித்தது, அதுதான் இழுத்துவிட்டது, நேற்று ராத்திரியே சரியாகிவிட்டது என்றாள். இரண்டு நாள் நோன்பை விட்டதுதான் வருத்தம், பிறகு வைத்துக் கழிக்க வேண்டும் என்றாள். பீர் மைதீன் பாய்க்கட்டுகளுக்கு நடுவே இருந்தார். அலிமா பீவியும் இருந்தாள்.

"சரியாகல. எதுவும் சரியாகல" என்றாள் அத்தை. நின்றபடியே சொன்னாள். பன்னிரண்டு துணி, வெளியே வந்தது பதினொன்று, சரியாக இருக்கிறது என்று பொய் சொன்னது, அபின் கிடைத்த சாக்கில் அதை அமுக்கியது, எல்லாவற்றையும் சொன்னாள். "அந்தத் துணி உன் வயித்துக்குள்ள இருக்கு, ஆபிதா. ஆறு வருஷமா இருக்கு. நான்தான் வச்சு மூடுனேன்."

பீர் மைதீன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார்.

"எந்தத் துணி, நர்ஸம்மா? வெள்ளத் துணி, ஓரம் மடிச்சுத் தச்சது, ஒரு மொழம் இருக்குமே, அதுவா?"

"அதேதான்."

"அது எங்க பள்ளிவாசல் மையவாடியில, மண்ணுக்குள்ள இல்லா இருக்கு."

அத்தைக்குப் புரியவில்லை.

"நீங்கதானம்மா குடுத்திய. பேசின்ல கெடந்தத நான் கைநீட்டி வாங்கப் போனேன். 'இருங்கண்ணாச்சி, இப்படி வெறுமனயாக் குடுக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டு, உள்ள போயி ஒரு துணிய எடுத்துட்டு வந்து, பச்சப்புள்ளயச் சுத்துத மாதிரி சுத்தி என் கையில வச்சிய. அப்பத்தான் உள்ள இருந்து உங்களக் கூப்பிட்டாவ, ஓடிப்போனிய. அந்தத் துணியோடதான் நான் அத வச்சு மூடுனேன். எங்க வீட்டு மையத்துக்கெல்லாம் பக்கத்துல ஓரமா." அவர் பாய்க்கட்டைத் தள்ளிவைத்தார். "பதினாலு மாசம் அதப் புள்ளன்னு நெனச்சிருந்தோம். அதுக்கு ஒரு வெள்ளத் துணி போத்திக் குடுத்த ஆளு நீங்க. நான் தெனம் தொழுதுட்டுத் துவாக் கேக்கையில உங்களச் சொல்லுதேன்."

அத்தைக்கு அது இன்றுவரை ஞாபகம் வரவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். மூச்சு நின்ற அந்தக் கலவரத்தில் அதற்கு முந்தின நிமிஷம் அடியோடு அழிந்துபோயிருக்கிறது. தப்புச் செய்தோம் என்பதை ஆறு வருஷம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஞாபகம் வைத்திருந்தவள், தான் செய்த நல்லதை ஒருநாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அலிமா பீவி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

ஆபிதா மட்டும் அசையவில்லை. கையிலிருந்த கோரையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இந்த ஆறு வருசமும் நீங்க என்னப் பாக்க வரல. உங்க துணியத்தான் பாக்க வந்திருக்கிய."

ஆபிதா எழுந்து உள்ளே போய்விட்டாள். பீர் மைதீன் கூப்பிட்டும் வரவில்லை.

சாயந்திர ரயிலில் அத்தை திரும்பினாள். ஆறு வருஷம் சுமந்த பாரம் இறங்கிவிட்டது, இனி நிம்மதியாகத் தூங்கலாம். தூங்கினாளா? வீட்டில் கரண்டிகளை எண்ணினாள். கொடித் துணிகளை எண்ணினாள். பெட்டியைத் திறந்து அந்தப் பாயை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்தாள். எண்ணிக்கையெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் எதுவோ குறைந்தது என்றாள். எனக்கு அப்போது ஏழு வயது. அத்தைக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று அம்மா அடுக்களையில் முணுமுணுத்தது ஞாபகம் இருக்கிறது.

பெருநாள் முடிந்து பத்து நாள் கழித்து, லீவு நாள் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும் என்று கிளம்பிவிட்டாள். சுக்கும் ஓமமும் எடுத்துக்கொள்ளவில்லை. பையே இல்லை.

ஆபிதா தறியில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கோரையை நுழைத்து அடித்தாள். இன்னொன்றை நுழைத்து அடித்தாள். அத்தை நிலைப்படியில் நின்றாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. வலி வலதா இடதா என்று கேட்கவில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன தொலஞ்சு போச்சு?" என்றாள் ஆபிதா, தறியைப் பார்த்துக்கொண்டே.

"ஒண்ணும் தொலையல. சும்மாதான் வந்தேன்."

ஆபிதா இன்னும் இரண்டு கோரை அடித்தாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த பலகையில் நகர்ந்து இடம் விட்டாள்.

"அப்ப உக்காருங்க."

அத்தை உட்கார்ந்தாள். அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டுவிட்டாள்.